அக்காவின் துறையில் யாரும் குளிக்கவில்லை

அன்பு மகனுக்கும் மகளுக்கும்,

இந்த மலரைக் கையில் எடுத்ததும் நீங்கள் இரண்டு பேரும் முதலில் மாமியின் படத்தைத்தான் தேடுவீர்கள். அட்டையில் இல்லை. புரட்டிப் பாருங்கள், உள்ளேயும் இல்லை. அச்சகத்தில் இருந்த தம்பிகூட, "ஐயா, படம் தர மறந்திட்டீங்க போல" என்றார். மறக்கவில்லை என்றேன். "படம் இல்லாம நினைவு மலர் நான் இன்னும் அடிச்சதில்ல" என்றார். "இப்ப அடியுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் படம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்ல வேண்டும் என்றால் உங்கள் மாமியின், என் அக்காவின், வாழ்க்கையை முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். மேசன் வேலை செய்கிறவன். எழுத்தில் பிழை இருந்தால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் திருத்தட்டும். கோபத்தைத் திருத்தக் கூடாது என்று அவளுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். இந்த ஆண்டுத் திவசத்துக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாருடைய கையிலும் இந்த மலர் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். பிள்ளைகளுக்கு எழுதுவது போல எழுதினால் பெரியவர்களுக்கும் விளங்கும்.

அக்கா பிறந்தது மட்டக்களப்பு எழுவான்கரையில், செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் றோட்டும் நாங்களும். வாவி என்று எழுதுகிறோமே தவிர எங்கள் வாயில் வருவது ஆறுதான். எங்கள் வீட்டு வளவு முடிகிற இடத்தில் ஆறு தொடங்கும். அந்த இடத்தில் ஒரு துறை இருந்தது. ஆற்றுக்கு அங்கால் படுவான்கரையில் இருந்து தோணியில் வருகிற ஆக்கள் இறங்குவது அங்கே. பெண்கள் குளிப்பது அங்கே. ஊரில் சாவு விழுந்தால், மண் போட்டுவிட்டு வருகிறவர்கள் தலை முழுகிவிட்டு வீட்டுக்குப் போவதும் அங்கேதான். துறையைத் தாண்டாமல் ஒரு நல்லதும் கெட்டதும் எங்கள் ஊரில் நடந்ததில்லை.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்தான், அக்காவும் நானும். அப்பா காய்ச்சலில் போய்விட, ஆறாம் வகுப்போடு அக்காவின் பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மாவோடு இறால் பிடிக்க இறங்கினார். வலை இல்லை, தோணி இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குந்தியிருந்து, சேற்றைக் கையால் தடவி, விரலுக்கடியில் துடிக்கிற இறாலை அமத்திப் பிடித்துக் கழுத்தில் தொங்கும் பறிக் கூடைக்குள் போடுவது. அந்த இறாலில்தான் நான் வளர்ந்தேன். என் உடம்பில் இருக்கிற எலும்பில் பாதி அந்த ஆறு தந்தது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. ஆகவே வீடும் வளவும் அக்காவுக்கு வந்தன. துறையும் வீட்டோடு சேர்த்துத் தனக்கு எழுதப்பட்டது மாதிரி அக்கா நடந்துகொண்டார். ஆற்றோரக் கண்ணா மரங்களின் கொப்பு துறையை மறைத்தால் வெட்டுவார். வழுக்குகிற இடத்தில் மண் போடுவார். நான் மேசன் வேலை பழகியதும் என்னைக் கொண்டு சீமெந்தில் படிகள் கட்டுவித்தார். பிறகு நான் கலியாணம் முடித்து, உங்கள் அம்மாவின் வீட்டுக்கு, செங்கலடிக்கு வந்துவிட்டேன்.

அத்தான் படுவான்கரையைச் சேர்ந்தவர். அக்காவை முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் காலையில் தோணியில் ஆற்றைக் கடந்து வயல் வட்டைக்குப் போவார், பின்னேரம் திரும்புவார். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் ஒரு காலை அப்படித்தான் போனார். தோணி அங்கால் கரையில் கட்டியபடி நின்றது. அவர் வரவில்லை. அக்கா போகாத இடம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. கையில் ஒரு வயதுப் பெண்பிள்ளை. அதுதான் உங்கள் மச்சாள், எனக்கு மருமகள்.

ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தவர்கள் நிறையப் பேர். ஒருவருடைய சொல்லும் அக்காவுக்கு ஏறவில்லை. சோறு இறங்கவில்லை, பிள்ளை அழுதால் தூக்கவில்லை. ஒருநாள் தானாக எழும்பிப் பறியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். அன்று பின்னேரம் பிள்ளைக்குத் தன் கையால் சோறு தீத்தினார். இதை நான் கண்ணால் கண்டேன்.

அதே தெருவில் அக்காவைப் போல இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். அக்கா ஒவ்வொருத்தியாக இழுத்துக்கொண்டு வந்து தண்ணீருக்குள் இறக்கினார். தரையில் வாய் திறக்காதவர்கள் அங்கே கதைத்தார்கள். ஏன் என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "அங்க ஆரும் ஆர்ர முகத்தையும் பாக்கிறதில்லடா. எல்லார்ர கையும் தண்ணிக்குள்ள வேலையா இரிக்கும். கண் எங்கயோ இரிக்கும். அப்படி நிண்டாத்தான் சில கதையச் சொல்ல ஏலும்" என்றார்.

அழுகைக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் நான் கரையில் நின்றபோது ஒருத்தி தண்ணீருக்கடியில் எதையோ பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அக்கா, பெரிய சாமான் ஒண்டு அகப்பட்டிரிக்கி!"

"அது என்ட கால் புள்ள" என்றார் அக்கா. "பிடிச்சதுதான் பிடிச்சாய், அப்படியே மன்னிப்பையும் கேட்டிரு. போன கிழம என்ட பறிய எடுத்திட்டுப் போனது நீதானே?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். புருசனைத் தேடித் தேடி வாடிப்போயிருந்த ஒருத்தி, சிரித்த சிரிப்பில் தண்ணீரைக் குடித்து இருமினாள். அந்தக் காலத்தில் அந்தத் தண்ணீர் வாய்க்குள் போனால் உப்புக் கரிக்கும், அவ்வளவுதான். ஒருவருக்கும் அருவருக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மகனே, உன் கதையையும் சொல்ல வேண்டும். சுனாமி வந்த அன்று நாம் எல்லாரும் மாமி வீட்டில் நின்றோம். உனக்கு நாலு வயது. தங்கச்சி கைக்குழந்தை. கடல் றோட்டைத் தாண்டி வளவுக்குள் வந்தது. பின்னால் ஆறு. ஓட இடமில்லை. அக்கா துறையில் கட்டியிருந்த தோணியை அவிழ்த்து, கையில் அகப்பட்ட பிள்ளைகளை எல்லாம் தூக்கிப் போட்டு, தான் நெஞ்சளவு தண்ணீரில் நின்று அங்கால் தள்ளிவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருப்பது அதனால்தான்.

அதற்குப் பிறகு உனக்குத் தண்ணீரைக் கண்டால் நடுக்கம். வாளியில் அள்ளி ஊற்றினாலும் மூச்சு நின்றுவிடுவது போலக் கத்துவாய். ஈரத் துணியால் துடைத்துத்தான் உன்னை வைத்திருந்தோம். அக்கா, "அவன என்னட்டக் கொண்டாந்து விடு" என்றார். உன்னை ஆற்றில் இறக்கப் பார்ப்பார் என்று உங்கள் அம்மா பயந்தார். அக்கா அப்படிச் செய்யவில்லை. உன்னைத் தூரத்தில் ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு, தான் இறங்கி இறால் தடவினார். ஒரு சின்ன இறாலைக் கொண்டுவந்து உன் உள்ளங்கையில் வைத்தார். "இது தண்ணிக்குள்ள போகாட்டிச் செத்திரும் மனே. நீதான் கொண்டுபோய் விடணும். நான் விட்டா அது போகாது" என்றார். அது உன் கையில் துள்ளத் துள்ள, நீ அழுதுகொண்டே ஓடிப்போய்க் கரையில் நின்று வீசினாய். அது தண்ணீர் வரை போகவில்லை, மண்ணில் விழுந்தது. பொறுக்கி எடுத்துக் கிட்டப் போய் வீசினாய். சனிக்கிழமைகளில் எல்லாம் இந்த வேலைதான். ஒரு சனிக்கிழமை நீ கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பதை நீயே கவனிக்கவில்லை. அடுத்த மாரிக்கு முன்னர் அந்தத் துறையில் நீந்தினாய்.

உன் பயத்தை அக்காவும் ஆறும் சேர்ந்துதான் எடுத்தார்கள். மருந்து இல்லை, புத்திமதி இல்லை. ஓர் ஊருக்கு ஆறு எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

இனி அந்த ஆற்றுக்கு நாம் செய்த கைமாறைக் கேளுங்கள்.

சண்டை முடிந்தது. ஊரில் காசு புழங்கியது. கல்வீடுகள் வந்தன. எல்லாம் நல்லதுதான். நானும் அதில் உழைத்தவன். இந்தக் கரையில் எத்தனையோ வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறேன். ஒருவராவது, "ஆத்துப் பக்கம் ஒரு யன்னல் வை" என்று என்னிடம் கேட்டதில்லை. கேட்டதெல்லாம், "மலகூடக் குழிய ஆத்துப் பக்கமா வெட்டு மேசன், மாரியில அதுபாட்டுக்குப் போயிரும்" என்பதுதான். றோட்டுக்கு முகம், ஆற்றுக்குப் பின்புறம். பின்புறம் செய்கிற வேலையைத்தான் பிறகு ஊரே சேர்ந்து ஆற்றுக்குச் செய்தது.

முதலில் தேங்காய் மட்டை, உடைந்த ஓடு. பிறகு கலியாண வீட்டில் இலைக்குப் பதிலாகப் போடுகிற லஞ்ச் சீற், பிளாஸ்டிக் கோப்பை. பிறகு பிள்ளைகளின் இடுப்பில் கட்டிக் கழற்றிய பொதிகள். பிறகு கோழிக்கடைச் சாக்குகள். குடலும் தலையும் இறகும் கட்டிய சாக்கு வெயிலில் ஊதி வெடிக்கிறபோது வருகிற நாற்றத்தை எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. சாப்பிட உட்கார்ந்தால் மொய்க்கிற இலையான் சோற்றில் இருந்து எழும்பாது. நம் மட்டக்களப்பை மீன் பாடுகிற தேன்நாடு என்று மேடையில் பேசுகிறோம். பாட வாயைத் திறந்தால் அந்த மீனின் வாய்க்குள் சொப்பிங் பைதான் போகும்.

அக்கா வாயால் போராடினார். பறி சுமந்த கழுத்து, குரல் பெரிது. ஒருநாள் நம் சொந்தக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாக்கோடு வந்து துறையில் நின்றார். பெயர் எழுத மாட்டேன். இதைப் படித்துக்கொண்டிருப்பார்.

"என்ன தம்பி அது?"

"ஒண்டுமில்ல அக்கா. கொஞ்சம் கோழிக் குடல். ஆத்தில போட்டா மீன் தின்னும்."

"ஓம், மீன் தின்னும். மறுகா அந்த மீன நீ தின்னுவாய். ஏன் சுத்தி வளைக்கிறாய்? சாக்க அவிழ்த்து நேரா தின்னு."

அவர் அன்று திரும்பிப் போனார். அடுத்த நாள் அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் போட்டுவிட்டுப் போனார்.

குடல் வந்தது. குடலின் பின்னால் முதலை வந்தது. முன்பும் எங்கள் ஆற்றில் முதலை உண்டு. ஆனால் துறைக்கு வராது. இப்போது அதற்கு நாமே சாப்பாடு வைத்து அழைத்தோம். அக்கா வீட்டு நாயை ஒரு பகல் துறையில் வைத்தே இழுத்துக்கொண்டு போனது. அன்றோடு பெண்கள் இறங்குவதை நிறுத்தினார்கள். பிள்ளைகளை விடவில்லை. படுவான்கரைத் தோணிகளும் வேறு இடத்துக்கு மாறின. ஆள் வராத இடம் என்றதும் குப்பை இன்னும் வந்தது. துறையில் ஒன்றாக நின்ற பெண்கள் இப்போது வீட்டுக்கு வீடு தனித்தனியாக இருந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். அக்காவுக்குக் கதைக்க ஆளில்லை. கரையில் தடியை வைத்துக்கொண்டு காவலுக்கு இருப்பார். பிறகு கால் வீங்கி அதுவும் முடியாமல் போயிற்று.

கடைசி மாதங்களில் பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தோம். மருமகள் தன் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். ஒருநாள் பின்னேரம் அக்கா, "என்னை ஒருக்காத் துறைக்குக் கொண்டு போங்க" என்றார். பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நானும் மச்சானும் தூக்கிக்கொண்டு போனோம். மச்சான் என்பது என் தாய்மாமனின் மகன், உங்களுக்கு மாமா முறை. மூத்தவர் என்பதால் அவரும் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். உழவு மெசின் வைத்திருக்கிறவர். நல்ல மனிதர். ஊரில் எந்தக் காரியம் என்றாலும் முதலில் வந்து நிற்பவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை.

துறையில் கதிரையை ஆற்றைப் பார்த்து வைத்தோம். நான் கட்டிய படிகளில் கடைசி இரண்டும் குப்பைக்குள் புதைந்திருந்தன. தண்ணீர் பச்சையாக, ஆடை கட்டி, கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து சத்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "கதிரயத் திருப்புங்கடா" என்றார். திருப்பினோம். எழுபது வயது வரை அந்த ஆற்றை விட்டு முகத்தைத் திருப்பாத மனிசி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அப்படி இருந்துகொண்டுதான் சொன்னார்:

"நான் செத்தா, என்னைத் தாட்டுப்போட்டு வரக்குள்ள, வந்த ஆக்கள் அத்தன பேரும் இஞ்சதான் முழுகணும். வேற எங்கயும் முழுகப்படாது."

"இவடத்தயா? இதுக்குள்ள எப்படி அக்கா இறங்குற?" என்றார் மச்சான்.

"அதான் சொல்றன். அப்பயாவது துப்பரவாக்குவீங்க."

மச்சான் கண் கலங்கிச் சத்தியம் செய்து கொடுத்தார். நானும் கொடுத்தேன். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். சாவு வீட்டுக்கு வருகிற கூட்டத்தைக் கொண்டு துறையைத் துப்பரவாக்கி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அக்காவுக்கு ஊரைப் பற்றித் தெரியாமல் போன ஒரே விசயம் அதுதான்.

அக்கா அமைதியாகத்தான் போனார். சனம் திரண்டது. பந்தல், பறை, கதிரை எல்லாம் குறையில்லை. துறையைத் துப்பரவாக்க ஆள் கேட்டேன். "பின்னேரம் பாப்பம்" என்றார்கள். நானும் மருமகளின் புருசனும் மண்வெட்டியோடு போய்க் கொஞ்சம் இழுத்தோம். பிணம் எடுக்கிற நேரம் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், விட்டுவிட்டு வந்தோம்.

மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது துறைக்கு மேலே பாதையில் தண்ணீர் பௌசர் லொறி ஒன்று நிற்கிறது. மச்சானின் ஏற்பாடு. "அக்காட ஆச துறையில முழுகிறது. துறையில வச்சே முழுகியாச்சு எண்டாச் சரிதானே மச்சான்?" என்றார். குழாய்த் தண்ணீர். ஒரு பொடியன் பைப்பைப் பிடித்து எல்லாருடைய தலையிலும் அடித்தான். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வரிசையாக முழுகினார்கள். யாரோ ஷம்பூப் பக்கற்றும் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். கிழித்துத் தலையில் போட்டார்கள். கிழித்த உறையை என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் ஆற்றுக்குள் எறிந்தார்கள். சாவு வீட்டில் நான் அழாமல் இருந்தவன். அந்த உறைகள் மினுங்கி மினுங்கி விழுந்ததைப் பார்த்தபோது என் தொண்டைக்குள் ஏறியது அழுகை இல்லை, சத்தி.

முப்பத்தோராம் நாள் கிரியை நடந்தது. ஐயர் வந்தார், படையல் படைத்தோம். அமுதும் கறியும் ஊருக்கே போட்டோம். லஞ்ச் சீற், பிளாஸ்டிக் கோப்பை, தண்ணீர்ப் போத்தல். வாழை இலை வெட்டுவோம் என்று மருமகள் சொன்னாள். "இந்தச் சனத்துக்கு எந்த இல காணும்? கழுவித் துடைச்சுக் குடுக்க ஆரு இரிக்கா?" என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். வாசலில் இருந்து சந்தி வரைக்கும் அக்காவின் முகம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பெனர்கள். வீட்டு வாசலில் கட்டியது ஆள் உயரத்துக்கு. மருமகளின் கலியாணத்தில் எடுத்த படம், அக்கா சிரித்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் நான் துறைக்குப் போனேன். கண்ணா மரத்து வேர்களுக்குள் மாட்டிக்கொண்டு அக்காவின் முகம் மிதந்தது. அந்த வாசல் பெனர்தான். நெற்றியில் சோறு ஒட்டியிருந்தது. கன்னத்துக்கு மேல் கறி எண்ணெய். சுற்றிவர முதல்நாள் நாங்கள் சாப்பிட்டுப் போட்ட அத்தனை சீற்றும் கோப்பையும். காகம் ஒன்று அக்காவின் வாயில் நின்று கொத்திக்கொண்டிருந்தது.

மச்சானைத் தேடிப் போனேன். அவர் உழவு மெசினின் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், சாப்பாட்டுக் கழிவ எங்க போட்ட?"

"துறையிலதான். ஏன்?"

"அக்காட படத்தையும் போட்டிருக்க."

"போட இல்ல மச்சான். விட்டன்" என்றார். முகத்தில் கொஞ்சமும் கள்ளமில்லை. "சாவு வீட்டுச் சாமான வீட்டில வைக்கப்படாது. படையல், பூ, மண்முட்டி எல்லாம் ஆத்தில விடுறதுதானே நம்மட முறை? மறுகா, அது முகமில்லையா? முகமுள்ள பொருள எரிக்க ஏலுமா? குப்பையில போட ஏலுமா? பாவம் இல்லையா? அதான் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுட்டு மரியாதையா ஆத்தில விட்டன். அக்காக்கு ஆறு எண்டா உசிர்தானே?"

குப்பையில் போட்டால் பாவம் என்று பயந்த மனிதர், ஒரு மெசின் பெட்டி குப்பையோடு சேர்த்து, அக்கா சத்தியெடுத்த அதே இடத்தில் அக்காவை விட்டிருக்கிறார். அதுவும் கும்பிட்டு. அவரை அடிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது.

"மச்சான், அது ஆறு இல்ல. நீங்க எல்லாரும் சேர்ந்து அத எப்பயோ குப்பைக் கிடங்காக்கிட்டீங்க. நீ அக்காவக் குப்பையிலதான் போட்டிருக்க" என்றேன்.

அவர் பைப்பை நிறுத்தாமல் நின்றார். தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "அப்ப எங்க மச்சான் விடுற?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அந்தக் காலத்துப் பொருள் மண்ணோடு மண்ணாகிவிடும், அதனால் விட்டோம், ஆறும் வாங்கியது. பூ அழுகும், முட்டி கரையும். பெனர் கரையுமா? லஞ்ச் சீற் கரையுமா? ஆற்றில் விட முடியாத ஒன்றை முதலில் சாவு வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. அதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். விளங்கியதா என்று எனக்குத் தெரியாது.

ஆகவே பிள்ளைகளே, இந்த மலரில் மாமியின் முகம் இல்லை. இருந்தால் இதை எரிக்கப் பயப்படுவார்கள், கிழிக்கப் பயப்படுவார்கள், ஒரு நாள் கும்பிட்டு ஆற்றில் விடுவார்கள். முகம் இல்லாத தாள் இது. படித்து முடித்தால் அடுப்பில் போடுங்கள், கடலை சுற்றுங்கள். ஒரு பாவமும் பிடிக்காது. பெனரும் இந்த முறை இல்லை. சாப்பாடு வாழை இலையில். இலை போதாவிட்டால் பந்தி பந்தியாக இருப்போம். பொறுக்க முடியாதவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

திவசத்தன்று சாப்பாட்டுக்கு முன்னர் துறையில் மண்வெட்டியும் குப்பை இழுக்கிற வறண்டியும் சாக்கும் வைத்திருப்பேன். மாமியின் ஆசை இன்னும் நிறைவேறாமல் அங்கேதான் கிடக்கிறது. மகனே, நீ நீந்தப் பழகிய இடம் என்பதால் நீ முதலில் இறங்கு. மகளே, நீ இறங்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இந்தத் துறை பெண்களின் துறை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவைக் கடைசி வரை பார்த்த மருமகளுக்கும் அவள் புருசனுக்கும் என் கும்பிடு. பெரியாஸ்பத்திரியில் இரவும் பகலும் கவனித்த தாதிப் பிள்ளைகளுக்கும், செய்தி கேட்டதும் காத்தான்குடியில் இருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்து பாய் போட்டு இருந்த, அக்காவிடம் இறால் வாங்கிய முஸ்லிம் நானாவுக்கும் நன்றி. பாடை சுமந்தவர்களுக்கும், சோறு வடித்தவர்களுக்கும் நன்றி. பௌசர் கொண்டுவந்த மச்சானுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. மலர் வளையம் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. அதன் கம்பியும் பிளாஸ்டிக் பூவும் இன்னும் ஆற்றில் கிடக்கின்றன. வருகிறபோது எடுத்துக்கொண்டு போங்கள்.

மச்சானோடு கதைத்துவிட்டு அன்று நான் செங்கலடிக்கு நேரே வரவில்லை. மத்தியான வெயிலில் ஆளில்லாத நேரம் துறைக்குத் திரும்பிப் போனேன். பெனரை வேரில் இருந்து கழற்றி எடுத்து, கிணற்றடியில் கழுவி, முகம் உள்ளே வரும்படி சுருட்டி வைத்தேன். பிறகு கடைசிப் படிக்குக் கீழே, ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் குப்பையை வறண்டியால் இழுத்துக் கரையில் போட்டேன். முதலை கிடக்கிறதா என்று தடியால் தண்ணீரை அடித்துப் பார்த்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சேறு முழங்கால் வரை ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தித் தலையை முக்கினேன். எழும்பியபோது தண்ணீர் வாய்க்குள் போயிருந்தது. அருவருப்பில் உடம்பு சிலிர்த்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, படி ஒவ்வொன்றாக ஏறி, கரைக்கு வந்து, மண்ணைக் காலால் கொஞ்சம் தோண்டி, அதற்குள் துப்பினேன். ஆற்றுக்குள் துப்பவில்லை.